கடிக்கிற வீட்டுக்கு அடியில் ஒரு கேபிள்

ஒயர் வேண்டும், ஒயர் இல்லாமல் காற்றில் வரும் இன்டர்நெட்டெல்லாம் செல்லாது என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனை. அதில் தேறினால் ட்ரீவா நேப்பியருக்கு வேலை, மருந்து பற்றிக் கேட்பவர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிற வேலை. இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. கம்ப்யூட்டரையும் காதில் மாட்டும் போனையும் ஏற்கெனவே பெட்டியில் அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டை எதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்ட கதைதான்.

ட்ரீவாவை எங்கள் நிலக்கரி மலையில், பீச் லிக் ஓடைப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவள் அவித்த பீன்ஸையும் சுட்ட சோள ரொட்டியையும் தின்று வளர்ந்தவர்கள்தான் இங்கே பாதிப் பேர். பிள்ளைகள் குறைந்துபோனார்கள் என்று பள்ளியை இழுத்து மூடி, டவுன் பள்ளியோடு சேர்த்தார்கள். அங்கே ஏற்கெனவே சமையல்காரிகள் இருந்தார்கள். ட்ரீவா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீடு என்றால் டிரெய்லர். ஒரே ரயில் பெட்டி மாதிரி நீளமாக, தகரச் சுவரோடு, இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். முன்கோடியில் கூடம், பின்கோடியில் படுக்கையறை. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் புருஷன் டெல்மர் உட்கார்ந்திருப்பான். முப்பது வருஷம் தாழ்வான சுரங்கத்தில் முட்டி போட்டே நிலக்கரி வெட்டியவன். நிமிர்ந்து நிற்க இடமில்லாத சுரங்கம் அது. கடைசியில் நுரையீரல் கறுத்துப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக நாற்காலியோடு ஒட்டிக்கொண்டான். அந்த மெஷின் பகல் முழுக்க மூசு மூசென்று இரைந்துகொண்டிருக்கும்.

சிக்கலே அதில்தான். இன்டர்நெட் லைன் வந்து இறங்குவது கூடத்தில். போனில் பேசுகிறவர்கள் காதில் எந்த இரைச்சலும் விழக்கூடாது என்பது கம்பெனியின் இன்னொரு கட்டளை. எவளோ ஒருத்தி மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்கக் கூப்பிடுகிறாள். பின்னால் டெல்மரின் மெஷின் மூச்சு விட்டால் சரிப்படுமா? ஆகவே மேஜை பின்கோடி அறையில். ஆகவே கேபிள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும்.

இந்த வேலை போனால் வேறு வேலையே இல்லையா என்று கேட்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் கோழி வெட்டுகிற தொழிற்சாலை இருக்கிறது. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்ப வேண்டும். ஒரு தடவை அவள் டவுனுக்குப் போயிருந்தபோது, தூங்கிப்போன டெல்மரின் மூக்கிலிருந்து குழாய் நழுவிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். அவனைத் தனியே விட்டுவிட்டு நாளெல்லாம் வெளியே இருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

முதலில் நடைவழியில் தரையோடு தரையாகக் கேபிளை ஒட்டிப் பார்த்தாள். மறுநாளே டெல்மர் பிடித்துக்கொண்டு நடக்கும் நடைவண்டியின் சக்கரம் அதில் மாட்டி, ஆள் விழுந்து விலா கன்றிப்போனது. கேபிளைப் பிய்த்தெறிந்தாள். லைன் போட வந்த பையனிடம் வீட்டுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னதற்கு, கூடத்து இன்டர்நெட் பெட்டி வரைக்கும்தான் எங்கள் வேலை, டிரெய்லருக்கு அடியில் நாங்கள் நுழைவதில்லை என்று கைவிரித்துவிட்டான். போகும்போது ஈரக்காலோடு படிக் கம்பியைப் பிடித்தவன் விருட்டென்று கையை உதறினான்.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"மழை பேஞ்சா மட்டும் கடிக்கும்," என்றான் டெல்மர், நாயைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த வீடு கடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். டிரெய்லரை இங்கே இழுத்து வந்து நிறுத்தியபோது கரண்ட் கனெக்‌ஷனை டெல்மரேதான் கொடுத்தான். அவன் அப்பா வீட்டில் எப்படிச் செய்திருந்தாரோ அப்படியே, கரண்ட் திரும்பிப் போகும் வெள்ளை ஒயரையும் எர்த் ஒயரையும் ஒன்றாக முறுக்கி விட்டான். மரவீட்டுக்கு அது ஓடும். இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வீட்டில் அப்படிச் செய்யக் கூடாது, கரண்ட் சட்டத்துக்கே ஏறிவிடும். அன்றிலிருந்து மழைக்காலத்தில் கதவைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். யாராவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்களா என்றால், இல்லை. சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிக் கழித்துப்போட்ட கன்வேயர் ரப்பரில் டெல்மர் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து படிக்குக் கீழே விரித்தான். அதன் மேல் நின்று கதவைத் தொட்டால் கடிக்காது. வருகிறவர்கள் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு எதுவும் பழகிப்போகும். அதுதான் எங்களைப் பிடித்த சனி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிப்ரவரி மாதம், முந்தின ராத்திரியிலிருந்து மழை. ஊர் முழுக்கச் சர்ச்சில் இருந்தது. ட்ரீவா டெல்மரின் பழைய முட்டிக் கவசங்களைக் கட்டிக்கொண்டு, தலையில் அவனுடைய சுரங்க விளக்கை மாட்டினாள்.

"எஸ்டில் வரட்டும்டி," என்றான் டெல்மர். எஸ்டில் கப்பார்ட் பக்கத்து டிரெய்லர்க்காரன்.

"எஸ்டில் வந்து? அவன் வயித்த வெச்சுக்கிட்டு அடியில நுழைஞ்சான்னா, வீட்டத் தூக்கித்தான் அவன வெளிய எடுக்கணும்."

"அப்ப கம்பத்துல மெயின அணைச்சிட்டுப் போ."

"அணைச்சா உன் மெஷின் எதுல ஓடும், கிழவா?"

"வண்டில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குல்ல."

"அதுல கொஞ்சந்தான் இருக்கு. புதுசு கொண்டுவர்றவன் செவ்வாக்கிழமதான் வருவான். நீ பேசாம உக்காந்து கேபிள விடு. ஒரு தட்டு தட்டினா விடு, ரெண்டு தட்டினா நிறுத்து."

"ஈரமா இருக்குடி."

"கையுறை போட்டிருக்கேன். சும்மா சுருக்குன்னு கடிக்கும், அவ்ளோதான? இத்தன வருஷமாக் கடிக்குது, செத்தா போயிட்டோம்?"

டெல்மர் கேபிள் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் குனிந்த இடம் என்றாலே ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருக்கும்போதே அவள் அப்பா சுரங்கக் கூரை சரிந்து அதற்கடியில் போய்விட்டார். உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறைக்குக்கூடக் கதவைத் திறந்து வைக்காமல் இறங்க மாட்டாள். அப்படிப்பட்டவள் தானே போகிறேன் என்று நிற்கிறாள் என்றால், அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குப் புரியாமல் இருக்குமா? சுவரோரம் தரையில் போட்ட துளை வழியாகக் கேபிள் நுனியைக் கீழே விட்டான்.

டிரெய்லரின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைத்திருந்த தகடுகளில் இரண்டைக் கழற்றிவிட்டு ட்ரீவா உள்ளே நுழைந்தாள். குளிர்ந்த சேறு வயிற்றில் ஒட்டியது. தலைக்கு மேல் வீட்டின் அடிவயிறு கறுப்புப் பிளாஸ்டிக்காகத் தொங்கியது. எலிகள் கிழித்த இடங்களில் மஞ்சள் பஞ்சு வழிந்தது. கேபிள் நுனியைப் பிடித்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். சுத்தியலால் ஒரு தட்டு. மேலிருந்து கேபிள் இறங்கியது. முழங்கையை ஊன்றி, இழுத்து, ஊன்றி, இழுத்து நகர்ந்தாள். மூச்சை எண்ணி விட்டாள். அப்பாவை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், அவரையே நினைத்தாள்.

முதல் கடி விழுந்தபோது அவள் தோள் இரும்புச் சட்டத்தில் பட்டிருந்தது. வழக்கமான கடி இல்லை அது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. சட்டத்தை விட்டு விலகி, சேற்றில் முகம் பட அப்படியே கிடந்தாள். மேலே ஹீட்டரின் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது ஓய்ந்தது. பயந்து பயந்து விரல் நுனியால் சட்டத்தைத் தொட்டாள். லேசாகக் குறுகுறுத்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மழை பெய்தால் கடிக்கிறது என்று இத்தனை வருஷமாக எல்லாரும் நம்பியது பாதிதான் சரி. ஈரம் இருந்து ஹீட்டரும் ஓடினால்தான் அது உண்மையிலேயே கடிக்கிறது. கதவருகே ரப்பர் விரிப்பில் நின்று வாழ்ந்த அவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. வீட்டுக்கு அடியில் சேற்றில் கிடக்கிறவளுக்குத் தெரிந்தது.

திரும்பிவிடலாம். திரும்பினால் திங்கட்கிழமை போச்சு. பாதித் தூரம் வந்தாயிற்று. ஹீட்டர் மறுபடி கிளம்புவதற்குள் நடுப்பகுதியைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். நடுவில் பழைய சக்கர அச்சு இருந்தது. வீட்டை இழுத்து வந்த சக்கரங்களைக் கழற்றியவர்கள் அச்சை அப்படியே விட்டிருந்தார்கள். அதற்கும் தரைக்கும் நடுவே அவள் உடம்பு அளவுக்குத்தான் இடம். தலையை நுழைத்தாள். தோளை நுழைத்தாள். முதுகு அச்சுக்கு அடியில் போனபோது மேல்கோட்டு எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நனைந்த முதுகு முழுக்க இரும்பில் ஒட்டியிருந்தது.

"டெல்மர்! ஹீட்டர அணை!"

மேலே டிவியில் ஒரு போதகர் கத்திக்கொண்டிருந்தார். மெஷின் வேறு இரைந்தது. யார் காதில் விழும்?

சுத்தியலால் தட்டினாள். ரெண்டு. கேபிள் நின்றது. மறுபடி தட்டினாள். மூன்று, நான்கு, கணக்கில்லாமல் தட்டினாள். டிவி அணைந்தது. "ட்ரீவா?" என்று அவன் குரல் கேட்டது. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் தலைக்கு மேல் எங்கோ டிக்கென்று ஒரு சத்தம். காற்றாடி சுழலத் தொடங்கியது.

முதுகுவழியாக வந்தது. பல் கிட்டித்துக்கொண்டது. கை தானாகவே மடங்கி மார்போடு ஒட்டியது. சுத்தியல் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தாள், தொண்டை அவளுடையதாக இல்லை. மேலே நடைவண்டி உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள். அவன் காலடிகளை அவள் அறிவாள். நாற்காலியிலிருந்து கழிப்பறை வரை போவதற்கே இரண்டு முறை நின்று சுவரைப் பிடித்துக்கொள்வான். இப்போது நிற்கவில்லை. கதவு படாரென்று திறந்தது.

கழற்றி வைத்த தகடுகளின் இடைவெளியில் அவளுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதில் இரண்டு வீட்டுச் செருப்புகள் வந்தன. ரப்பரிலிருந்து இறங்கிச் சேற்றில் புதைந்தன. நகர்ந்தன. நின்றன. ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. வெறுங்கால் மட்டும் முன்னே போனது. மறுபடி நின்றது. அந்த மூச்சை அவளால் கேட்க முடிந்தது, ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி. விழுந்துவிடுவான், இப்போது விழுந்துவிடுவான் என்று நினைத்தாள். தான் சாகப்போகிறோம் என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. குழாய் இல்லாமல் வந்திருக்கிறானே பாவி என்றுதான் தோன்றியது. பிறகு கால்கள் இடைவெளியைத் தாண்டிப் போய் மறைந்தன.

கரண்ட் நின்றது.

காற்றாடி மெல்ல மெல்ல ஓய்ந்தது. உடம்பு தளர்ந்து சேற்றில் சரிந்தது. அடுத்த நொடி மேலே ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று அலறத் தொடங்கியது. கரண்ட் போனால் அது அப்படித்தான் அலறும்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேல்கோட்டைக் கிழித்துப் பிய்த்து உதறியிருக்கிறாள். முழங்கை தோல் உரிந்திருந்தது. கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. தவழ்ந்து, எழுந்து, விழுந்து ஓடினாள்.

மெயின் பெட்டி தெருவோரக் கம்பத்தில் இருந்தது. டெல்மர் அதன் கீழே சேற்றில் முட்டி போட்டிருந்தான். இரண்டு கையாலும் நெம்புகோலைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"வந்துட்டேன். டெல்மர், நான் வந்துட்டேன். விடு."

விடவில்லை. அவள் அவன் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். செத்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரண்டை அணைத்தவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உள்ளே போனவன் தானே வந்து தன் வாயால் சொல்லாமல் நெம்புகோலை விடக் கூடாது. வேறு யார் சொன்னாலும், முதலாளியே வந்து சொன்னாலும் செல்லாது. டெல்மரின் கண் அவளைப் பார்த்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"எல்லாரும்..." என்றான். மூச்சு வாங்கியது. "எல்லாரும்... வெளிய... வந்தாச்சா?"

ட்ரீவா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்தாச்சு, டெல்மர். ஒருத்தர் பாக்கியில்ல. நாந்தான் கடைசி."

அவன் கை தளர்ந்தது.

வாசலில் நின்ற அவர்களுடைய சின்ன லாரியின் முன்சீட்டில் அந்தச் சிலிண்டர் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து குழாயை அவன் மூக்கில் செருகினாள். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. கம்பத்தில் அவனைச் சாய்த்து, தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். உதட்டில் நிறம் வந்தது. அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"கேபிள் போச்சா?"

"நாசமாப் போச்சு கேபிள். பாதில கெடக்கு."

"அப்ப போயி முடி." கையை உயர்த்தி மறுபடி நெம்புகோலைப் பிடித்தான். "இப்பக் கடிக்காது."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? முள்ளப் பாத்தியா?"

"பாத்தேன். அதான் சொல்றேன், பேசிக்கிட்டு நிக்காத."

"மாட்டேன். நீ செத்துப்போயிட்டா எனக்கு எதுக்கு அந்த வேல?"

"நீ கோழி வெட்டப் போனேன்னா நான் தனியாச் சாவேன்." இழுத்து இழுத்துத்தான் சொன்னான். "எனக்கு அதான்டி பயம். போ."

அவன் பயம் என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. முள்ளைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து, அந்தப் பொந்துக்குள் மறுபடி நுழைந்தாள்.

எஸ்டில் சர்ச்சிலிருந்து வந்து சேர்ந்தபோது டெல்மர் ஒற்றைச் செருப்போடு மழையில் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தான். "என்னய்யா இது கோலம், எந்திரி," என்று எஸ்டில் கை கொடுத்தான். பிறகு நெம்புகோலைத் தூக்கப் போனான்.

"தொட்ட, வெரல ஒடிச்சிருவேன்," என்றான் டெல்மர். "எம் பொண்டாட்டி அடியில இருக்கா."

எஸ்டில் ஒரு நொடி விழித்தான். பிறகு அவனுக்கும் புரிந்தது. அவனும் சுரங்கத்து ஆள்தானே. வண்டியைத் திருப்பி, ஆக்சிஜன் வாங்கிவரத் தீயணைப்பு நிலையத்துக்கு விரட்டினான். அவன் நிறைந்த சிலிண்டரோடு திரும்பி வந்தபோது, ட்ரீவா தலை முதல் கால் வரை சேறாக வெளியே நின்றுகொண்டிருந்தாள். கேபிள் நுனி பின்கோடி அறைத் தரையில் முளைத்திருந்தது. எஸ்டிலின் மச்சான் எலக்ட்ரீஷியன். சாயங்காலமே வந்து ஒயர்களைப் பிரித்துக் கட்டி, கம்பத்தில் லூசாகக் கிடந்த முடிச்சையும் இறுக்கினான். ரெண்டு பேரும் உயிரோடு இருப்பதை நம்ப முடியாமல் மாறி மாறிப் பார்த்தான். டெல்மர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமைச் சோதனையில் ட்ரீவா தேறினாள். அறைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்பது விதி. அவள் ஒரு கையளவு திறந்தே வைத்தாள். பின்னால் ஏதோ இரைச்சல் கேட்கிறதே என்று மேலாளர் இரண்டு மூன்று முறை எழுதிக் கேட்டார். மலைப்பக்கம், காற்று ஜாஸ்தி என்று கூசாமல் பதில் எழுதினாள்.

அடுத்த வருஷம் வசந்தத்தில், டாக்வுட் மரங்கள் பூத்த நேரத்தில் டெல்மர் போனான். காலைநேரம். ட்ரீவா யாரோ ஒரு அம்மாளுக்குச் சர்க்கரை மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்து மூச்சின் தாளம் மாறியது அவள் காதில் விழுந்தது. "ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த அம்மாள் வெகுநேரம் காத்திருந்து வைத்துவிட்டாள்.

கோழித் தொழிற்சாலையில் இருந்திருந்தால் செய்தி அவளுக்குப் போனில் வந்திருக்கும். அவள் வீட்டில் இருந்தாள். கடைசி மூச்சு வரைக்கும் டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.